வாசகர் கேள்வி – பதில்: சிறிய காருக்குச் சற்றுப் பெரிய கோடை டயர் போடலாமா?

கேள்வி: எங்களிடம் 2019ஆம் ஆண்டின் வோக்ஸ்வாகன் போலோ கார் இருக்கிறது. அதன் கோடை டயர்கள் 185/65 ஆர் 15 அளவிலானவை. அவை தேய்ந்துவிட்டதால், 195/65 ஆர் 15 அளவில் கையிருப்பு உள்ளது, அதே ரிம்மில் பொருத்தலாம், விலையும் குறைவு என்று கடைக்காரர் சொல்கிறார். காரின் சி.ஓ.சி. சான்றிதழில் (தயாரிப்பாளர் தரும் இணக்கச் சான்றிதழ்) 185/65 ஆர் 15, 195/55 ஆர் 16 ஆகிய அளவுகள் இருக்கின்றன. அவர் சொல்லும் அளவு இல்லை. கோடை விடுமுறைக்கு நால்வரும் சாமான்களோடு பாரிசுக்குப் போவதால், அகலமான டயர்தான் பாதுகாப்பு என்பது என் கணவரின் கருத்து. எதை வாங்கலாம்?
– வாசகி, டோர்ட்முண்ட், ஜேர்மனி

பதில்: கடைக்காரர் சொல்லும் டயரை வாங்க வேண்டாம். அது உங்கள் ரிம்மில் ஏறும் என்பது உண்மைதான். ஐந்தரை அங்குல அகலமுள்ள ரிம் இரண்டு அளவுகளுக்குமே ஏற்றது. ஆனால் ரிம்மில் ஏறுவது வேறு, காருக்குப் பொருந்துவது வேறு.

பத்து மில்லிமீற்றர் அகலம்தானே கூடுகிறது என்று தோன்றலாம். டயரில் 185 என்பது மில்லிமீற்றரில் அகலம், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். நடுவில் உள்ள 65 என்ற எண், பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் குறிப்பதால், அகலம் கூடும்போது உயரமும் கூடவே வளர்ந்துவிடுகிறது. உங்கள் பழைய டயரின் முழு விட்டம் 621.5 மில்லிமீற்றர், புதியதின் விட்டம் 634.5 மில்லிமீற்றர். இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலான வேறுபாடு இது. பழைய டயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 512 முறை சுழலும் என்றால், பெரிய டயர் 502 முறைதான் சுழலும். வேகமானி சக்கரத்தின் சுழற்சியைத்தான் எண்ணுகிறது. ஆகவே நீங்கள் 500 கிலோமீற்றர் ஓடி முடிக்கும்போது உங்கள் கார் 490 கிலோமீற்றர் என்றே கணக்குக் காட்டும், வேகத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும். வேகமானி உண்மையான வேகத்தைவிட ஒருபோதும் குறைவாகக் காட்டக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. கார் தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சற்றுக் கூட்டியே காட்டுமாறு அமைப்பதால் உங்கள் கார் அந்த எல்லைக்குள் தப்பிவிடக்கூடும். ஆனால் அந்த இடைவெளி நாம் எடுத்துச் செலவழிப்பதற்காக விடப்பட்டதன்று.

இடநெருக்கடியையும் பார்க்க வேண்டும். சக்கரத்தின் மையத்திலிருந்து டயர் ஆறரை மில்லிமீற்றர் வெளியே வளர்கிறது. அகலத்திலும் உட்பக்கமாகச் சில மில்லிமீற்றர் நகர்கிறது. கார் வெறுமையாக நிற்கும்போது எதுவும் உரசாது. நால்வர் அமர்ந்து, பின்னால் பெட்டிகளை அடுக்கி, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஒரு மேட்டில் ஏறும்போதுதான் சக்கர வளைவின் உட்பக்கப் பிளாஸ்டிக்கில் டயர் தேய்கிறதா என்பது தெரியும். சி.ஓ.சி.யில் இல்லாத அளவைப் போடுவதானால், ட்யூவ், டெக்ரா போன்ற வாகனப் பரிசோதனை நிறுவனமொன்றின் பரிசோதகரிடம் காரைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். அது இல்லாமல் ஓடினால் வாகனத்தின் இயக்க அனுமதியே செல்லாததாகக்கூடும். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் கேள்வி எழுப்பும். டயர் விலையில் மிச்சம் பிடித்த பணம் பரிசோதனைக் கட்டணத்திலேயே கரைந்துவிடும்.

பெரிய டயர்தான் வேண்டும் என்று உங்கள் கணவர் உறுதியாக இருந்தால், 195/55 ஆர் 16 அளவுக்குப் போங்கள். ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் பக்கச்சுவர் குறுகிவிடுவதால் அதன் முழு விட்டம் 620.9 மில்லிமீற்றர், ஏறக்குறைய பழைய அளவேதான். வளைவுகளில் கார் இன்னும் இறுக்கமாகத் திரும்பும். அதற்கு விலையாகப் பள்ளங்களில் குலுக்கல் கூடும், ரிம்களுக்கும் தனியாகச் செலவு செய்ய வேண்டும். சுமைக் குறியீட்டை இங்கே கவனமாகப் பாருங்கள். உங்கள் பழைய டயரில் 88 என்று இருக்குமானால் அது ஒரு சக்கரத்துக்கு 560 கிலோ தாங்கும். 16 அங்குல டயர் பல இடங்களில் 87 என்ற குறியீட்டோடு விற்கப்படுகிறது. அது 545 கிலோதான். பெரிய டயர் கூடுதல் சுமை தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சி.ஓ.சி.யில் அந்த அளவுக்கு எந்தக் குறியீடு கேட்கப்பட்டிருக்கிறதோ, அதுவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பழைய 185/65 ஆர் 15 அளவிலேயே, கையில் இருக்கும் பணத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த டயரை வாங்குங்கள் என்பேன். அகலமான டயர் உலர்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கோடை மழையில் சாலையில் தேங்கிய நீரின்மேல் அது சீக்கிரமாகவே மிதக்கத் தொடங்கும். பாரிஸ் வழியில் அடைமழை பிடித்துக்கொண்டால் உங்களைக் காப்பது பத்து மில்லிமீற்றர் அகலமன்று, ரப்பரின் தரமும் டயரில் வெட்டப்பட்ட பள்ளங்களின் ஆழமும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரையில் ஈரச் சாலைப் பிடிப்புக்கு ஏ (மிகச் சிறந்தது) முதல் ஈ வரை மதிப்பிடுகிறார்கள். குடும்பக் காருக்கு நான் எரிபொருள் சிக்கனத்தைவிட அந்த மதிப்பையே முதலில் பார்ப்பேன். ஜேர்மனியின் வாகன ஓட்டுநர் சங்கமான ஏ.டி.ஏ.சி. ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் கோடை டயர் சோதனை முடிவுகளையும் கடைக்குப் போகுமுன் வாசித்துவிடுங்கள்.

கேள்வி: குளிர்கால டயர்கள் இன்னும் நன்றாகவே இருக்கின்றன. அவற்றையே கோடையிலும் ஓட்டி முடித்துவிடலாமா?
– வாசகர், எஸ்ஸன், ஜேர்மனி

பதில்: ஜேர்மனியில் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் குளிரில் இளகி நிற்பதற்காகச் செய்யப்பட்ட அந்த ரப்பர், வெயிலில் சூடேறிய சாலையில் மேலும் மென்மையாகிவிடுவதால் கார் நிற்க எடுக்கும் தூரம் கூடுகிறது. வேகமாகத் தேய்ந்தும் போகும். அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர், மற்ற மாதங்களில் கோடை டயர் என்ற இந்நாட்டு வழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: முன் டயர்கள் இரண்டு மட்டுமே தேய்ந்திருக்கின்றன. புதிய இரண்டையும் முன்னால்தானே போட வேண்டும்?
– வாசகி, ஹம், ஜேர்மனி

பதில்: நல்ல டயர்கள் பின்னால் இருக்க வேண்டும். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேராக முன்னோக்கிச் செல்லும். வேகத்தைக் குறைத்தால் ஸ்டியரிங் மீண்டும் கைக்கு வரும். பின்சக்கரம் வழுக்கினாலோ கார் சுழன்றுவிடும். பழகிய ஓட்டுநருக்கும் அதைப் பிடித்து நிறுத்துவது கடினம். ஆகவே பின்னால் இருப்பவற்றை முன்னுக்கு மாற்றிப் புதியவற்றைப் பின்னால் பொருத்தச் சொல்லுங்கள். முன்னுக்கு வரும் டயர்களின் பள்ளங்களின் ஆழத்தையும் அளந்து பாருங்கள், சட்டம் 1.6 மில்லிமீற்றர் வரை விட்டாலும், மூன்று மில்லிமீற்றருக்குக் கீழே போயிருந்தால் நான்கையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள். டயர் மாற்றியபின் காற்றழுத்த எச்சரிக்கை அமைப்பை மறுபடி பதிவுசெய்து, ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் சக்கர போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.