8,999 ரூபாய் டப்பா செட் வாங்கினால் சமையலறைச் செலவு குறையுமா?

கேள்வி: நாங்கள் திருச்சியில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஃபாயில் சுருள் இரண்டுக்கு 180 ரூபாய், கிளிங் ஃபிலிமுக்கு 75, ஜிப் கவருக்கு 120, குப்பைக் கவருக்கு 160, விருந்தினருக்கான காகிதத் தட்டுக்கு 65 என்று மாதம் 600 ரூபாய் செலவாகிறது. இவற்றை அடியோடு நிறுத்திவிட்டு, கண்ணாடி, எவர்சில்வர் டப்பாக்களும் சிலிகான் மூடிகளும் அடங்கிய செட் ஒன்றை 8,999 ரூபாய்க்குக் கிரெடிட் கார்டில் ஆறு மாத ‘நோ காஸ்ட்’ தவணையில் வாங்க நினைக்கிறேன். 15 மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்கிறார் கணவர். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். உங்கள் நோக்கம் சரியானது. கணக்கில்தான் பிழை இருக்கிறது. மாதம் 600 ரூபாயும் மிச்சமாகும் என்று எடுத்துக்கொண்டதால்தான் 15 மாதம் என்ற விடை வந்திருக்கிறது. எந்தச் செலவு உண்மையில் நிற்கும், எது பாதியளவு குறையும், எது அப்படியே தொடரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் விடை மாறிவிடும்.

முதலில் ஃபாயில். 9 மீட்டர் சுருளில் ஏறக்குறைய 30 அடி இருக்கும். ஒரு பொட்டலத்துக்கு ஓர் அடி என்றால், இரண்டு சுருளில் மாதம் 60 துண்டுகள், துண்டுக்கு 3 ரூபாய். கணவருக்கும் மகளுக்கும் 22 நாள் சப்பாத்தி சுற்றுவதற்கே 44 துண்டுகள் போய்விடுகின்றன; மீதி 16 ஃப்ரிட்ஜில் வைக்கும் கிண்ணங்களை மூடத்தான் பயன்பட்டிருக்க வேண்டும். சூடு சற்றுத் தணிந்த சப்பாத்தியை வெள்ளைப் பருத்தித் துணியில் மடித்து எவர்சில்வர் டப்பாவில் வைத்தால் மதியம் வரை மென்மையாகவே இருக்கும். நம் வீடுகளில் இட்லித் தட்டில் விரிக்கும் அதே துணி போதும். கிண்ணத்தை மூட ஒரு தட்டைக் கவிழ்த்தாலே ஆயிற்று. எலுமிச்சை சாதத்தையும் புளியோதரையையும் ஃபாயிலில் கட்டவே கூடாது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். மாலையில் பிரித்துப் பார்த்தால் தாளில் ஊசி குத்தியது போல் ஓட்டைகள் தெரியும். எப்போதாவது தேவைப்படும் பத்துத் துண்டுக்கு 30 ரூபாய் ஒதுக்கினாலும் இதில் மட்டும் 150 ரூபாய் மிச்சம்.

கிளிங் ஃபிலிமை முழுவதுமாக விட்டுவிடலாம். ஜிப் கவரைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தினால் 45 ரூபாயில் முடியும். கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் ஈரம் போக உலர்த்தித் துணியில் சுற்றி வைத்தால் அதுவும் குறையும். ஆனால் குப்பைக் கவர் முழுவதுமாக நிற்காது. மக்கும் குப்பைக்குக் கவரே தேவையில்லை. மூடியுள்ள வாளியின் அடியில் செய்தித்தாளைப் போட்டுச் சேர்த்து, தரம் பிரித்து வாங்க வரும் தூய்மைப் பணியாளரிடம் அப்படியே கொட்டிவிடலாம். மற்ற குப்பைக்கு 60 ரூபாய் ஆகும். விருந்தினர் தட்டு உங்கள் விருப்பம். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஒன்று மட்டும்: பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை.

ஆக, மாதம் உண்மையில் மிச்சமாவது 400 ரூபாய். அந்த செட்டின் விலை திரும்ப 15 மாதம் அல்ல, 22 மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கண்ணாடி டப்பா ஒன்று கைதவறி உடைந்தால் கணக்கு இன்னும் நீளும். ‘நோ காஸ்ட்’ தவணையும் இலவசமல்ல. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டினாலும் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியை உங்களிடம்தான் வசூலிப்பார்கள். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235 ஆகும். இரண்டும் சேர்ந்து 300 ரூபாயை ஒட்டி வரும். உங்களுடைய முக்கால் மாத மிச்சம் அதிலேயே கரைந்துவிடும்.

பணம் போடுவதற்கு முன் பரணில் ஏறிப் பாருங்கள். சீர்வரிசையாக வந்து, பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பாக்களும் தூக்கும் நம் வீடுகளில் பெரும்பாலும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும். ஒடுங்கியவற்றைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டு, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு புதிதாக வாங்கலாம்; குழம்பு ஒட்டிய ஃபாயிலை எந்தப் பழைய பொருள் கடைக்காரரும் தொடமாட்டார். அதற்குப் பிறகும் குறை இருந்தால், மதிய உணவுக்கு நல்ல மூடியுள்ள இரண்டு டப்பாக்கள், இரண்டு மீட்டர் பருத்தித் துணி, மூடி போட்ட ஒரு வாளி என்று சுமார் 1,200 ரூபாய்க்குள் ரொக்கமாக வாங்குங்கள். மூன்றே மாதத்தில் அது திரும்பிவிடும்.

உங்கள் பட்டியலில் விடுபட்ட செலவு ஒன்றும் உண்டு: ஓட்டல் பார்சலில் டப்பாவுக்கென்று தனியாகப் போடும் கட்டணம். அடுத்த முறை பில்லை உற்றுப் பாருங்கள். பக்கத்துக் கடை என்றால் சாம்பாருக்கும் குருமாவுக்கும் தூக்கை எடுத்துச் செல்லலாம்.

மிச்சமாகும் 400 ரூபாயைச் சம்பளக் கணக்கிலேயே விட்டால் அது வேறு செலவில் கலந்து காணாமல் போகும் என்பதைப் பல குடும்பங்களின் கணக்கில் பார்த்திருக்கிறேன். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கை மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். 6.7 சதவீத வட்டியில் மாதம் 400 ரூபாய் கட்டினால், ஐந்து ஆண்டில் நீங்கள் செலுத்தும் 24,000 ரூபாய் சுமார் 28,500 ஆகும். கணக்கை மாதத்தின் முதல் 15 நாளுக்குள் தொடங்கினால் ஒவ்வொரு தவணையையும் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளம் மாதக் கடைசியில் வருமானால் 16ஆம் தேதிக்குப் பிறகு தொடங்குங்கள். முதல் மூன்று மாத மிச்சம் டப்பா வாங்கியதற்குச் சரியாகிவிடும் என்பதால், நான்காவது மாதத்தில் கணக்கைத் திறந்தால் போதும்.