ஆன்லைனில் மற்றவர்களோடு முதன்முதலாக ஸ்ட்ராடஜி கேம் ஆடிய அனுபவம் எப்படி இருந்தது?

நான் ஆடியது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2; ஊரை வளர்த்து, படை திரட்டி எதிராளியை வீழ்த்தும் ஆட்டம். ஆட்டம் வந்தது 1999-இல். நான் ஆன்லைனில் இறங்கியது 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு வந்த பிறகுதான். அதுவரை பல வருடம் கம்ப்யூட்டரோடு மட்டுமே ஆடினேன். சுற்றிலும் கல் மதில் எழுப்பி, கோட்டைகள் கட்டி, படை முழுசாகச் சேர்ந்த பிறகுதான் கிளம்புவேன்.

முதல் மேட்ச் அரேபியா என்ற மேப்பில், ஒருவருக்கு ஒருவர். தொடக்கத்தில் இருவருக்கும் ஒரே கணக்கு: ஒரு டவுன் சென்டர் (ஊரின் மையக் கட்டடம், வேலையாட்கள் உருவாகும் இடம்), மூன்று வில்லேஜர் (வேலையாட்கள்), ஒரு ஸ்கவுட் (வேவு பார்ப்பவர்), 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல். வழக்கம்போல நிதானமாக ஆரம்பித்தேன். 11-ஆவது நிமிடம் எதிராளியின் மூன்று குதிரை வீரர்கள் நேராக என் மரம் வெட்டும் இடத்துக்கு வந்தன. என் வில்லேஜர்கள் நாலு பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விழுந்ததும் மணியை அடித்தேன்; எல்லோரும் டவுன் சென்டருக்குள் ஓடினார்கள். குதிரைகள் விலகிப் போயின. சரி, போய்விட்டார் என்று வெளியே விட்டால், இரண்டு மரம் தள்ளி நின்றிருந்தவர் உடனே திரும்பி வந்தார். உள்ளே இருந்தால் வேலை நின்றுபோகிறது, வெளியே வந்தால் ஆள் சாகிறான். கம்ப்யூட்டர் என்னை ஒருநாளும் இப்படிக் காத்திருந்து அடித்ததில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. எதிராளி 'நன்றாக ஆடினீர்கள்' என்று எழுதிவிட்டுப் போனார். அந்த மரியாதை எனக்குப் பெரிதாகப் பட்டது.

உண்மையில் நான் கற்றுக்கொண்டது அப்புறம்தான். அன்று இரவே ரீப்ளேயை அவர் பக்கத்திலிருந்து ஓடவிட்டுப் பார்த்தேன். அந்த 11-ஆவது நிமிடத்தில் அவரிடம் 22 வில்லேஜர்கள், என்னிடம் 13. அப்படியென்றால் குதிரை வருவதற்கு முன்பே நான் தோற்றிருந்தேன். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவு, 25 நொடி. அவருடைய டவுன் சென்டர் அந்த 25 நொடிக் கணக்கை விடாமல் ஓட்டிக்கொண்டே இருந்தது. என்னுடையது வீடு கட்ட மறந்து (வீடு இருந்தால்தான் புது ஆளுக்கு இடம்) நின்றது, உணவு தீர்ந்து நின்றது, நான் மேப்பின் மூலையில் ஆடு தேடிக்கொண்டிருந்தபோதும் நின்றது. வில்லேஜர்களுக்கு உடல்வலு கூட்டும் லூம் வெறும் 50 தங்கம்தான். கையில் 100 இருந்தும் வாங்கவில்லை. ஈட்டி வீரர்கள் இரண்டு பேர் இருந்திருந்தால்கூட அந்தக் குதிரைகள் கிட்டே வரத் தயங்கியிருக்கும்.

தயக்கத்தோடு கேட்கிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். ரேங்க் ஆட்டத்தில் எல்லோருக்கும் புள்ளி 1000-இல்தான் தொடங்குகிறது. ஆரம்பத்தில் உங்களைவிடக் கைதேர்ந்தவர்கள்தான் மாட்டுவார்கள். தோற்கத் தோற்கப் புள்ளி இறங்கி, உங்கள் அளவுக்கு ஆடுபவர்களிடம் போய்ச் சேருவீர்கள். அதற்கு முன் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தோல்வியின் ரீப்ளேயிலும் முதல் பத்து நிமிடத்தையாவது பாருங்கள்.

அடுத்த மேட்சிலும் தோற்றேன். ஆனால் 11-ஆவது நிமிடத்தில் என்னிடம் 19 வில்லேஜர்கள் இருந்தார்கள்.