மணிக்கு 40 டொலர் காணுமா, தம்பி?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். டோகாவில் எட்டு வருடம் ஏசி வேலை. கனடாவில் ரொறன்ரோ பக்கம், ஸ்காபரோவுக்கு வந்து இரண்டரை வருடம். காஸ் வேலைக்கான ஜி2 லைசென்ஸ் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது, கொம்பனியில் மணிக்கு 29 டொலர் தருகிறார்கள். சனி ஞாயிறில் சொந்தக்காரர் தங்கள் வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபேர்னஸைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், 40 டொலர் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். கல்கரியில் இருக்கும் மச்சான் "இங்கே வா, கூட உழைக்கலாம்" என்கிறார். இதில் எது நியாயமான கூலி என்று கேட்டிருந்தீர்கள்.

நாற்பது காணாது. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜி2 கையில் இருந்தாலும், ஒன்ராறியோவில் காஸ் வேலையைக் காசுக்கு எடுத்துச் செய்வதற்கு மாகாணப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.யில் ஒப்பந்தக்காரராகப் பதிந்திருக்க வேண்டும். லைசென்ஸ் உங்கள் திறமைக்கு, பதிவு தொழிலுக்கு. இரண்டும் வேறு. ஏசி பக்கம் போனால் 313ஏ அல்லது 313டி என்ற குளிரூட்டல் தொழில் லைசென்ஸ் வேண்டும், குளிர்வாயுவைத் தொட ஓசோன் பாதுகாப்புப் பயிற்சிக்கான ஓ.டி.பி. அட்டை வேண்டும். டோகா அனுபவம் கைக்கு உதவும், காகிதத்துக்கு உதவாது. மாமி வீடாக இருந்தாலும் பதிவில்லாமல் காஸ் குழாயில் கை வைக்காதீர்கள். நாளைக்கு அந்த வீட்டில் கார்பன் மொனொக்சைட் கசிந்தால் எந்தக் காப்புறுதியும் உங்களைப் பார்க்காது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, பிள்ளைகள் படுத்திருக்கும் வீடுகள் அவை.

சரி, கூலிக்கு வருவோம். ஒப்பந்தக்காரனாக நான் இப்போது வாங்குவது மணிக்கு 125 டொலர், அதற்கு மேல் எச்.எஸ்.ரி. விற்பனை வரி 13 சதவீதம். பலர் இதைக் கேட்டதும் "ஒரு மணித்தியாலத்துக்கு 125 உழைக்கிறானா!" என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்.

என்னோடு ஒரு பொடியன் வேலை செய்கிறான், மணிக்கு 35 டொலர். கிழமைக்கு 40 மணித்தியாலம், 1,400. அதன் மேல் விடுமுறைக் காசு 4 சதவீதம். ஓய்வூதியத்துக்கு, அதுதான் சி.பி.பி.க்கு, முதலாளி பங்கு 5.95 சதவீதம். வேலையில்லாக் காப்புறுதிக்கு அவன் கட்டுவதைப் போல 1.4 மடங்கு நான் கட்ட வேண்டும். வருடத்தில் ஒன்பது பொது விடுமுறை நாள், வேலை இல்லாவிட்டாலும் சம்பளம் உண்டு. வேலையில் காயப்பட்டால் உதவும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. காப்புறுதிக் கட்டணமும் இருக்கிறது. எல்லாம் சேர்த்தால் கிழமைக்கு 1,650 போகிறது.

அவன் 40 மணித்தியாலம் வேலை செய்தாலும் நான் பில் போடக்கூடியது 25 மணித்தியாலம்தான். மிச்சம் எங்கே போகிறது? 401 நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கிறது. சாமான் கடை வரிசையில் நிற்கிறது. காலையில் வானை ஒழுங்குபடுத்துவதில், விலை கேட்டுவிட்டு வேலை தராத வீடுகளில், ரொறன்ரோ நடுவில் பார்க்கிங் தேடுவதில் போகிறது. 1,650ஐ 25ஆல் பிரித்தால் 66 டொலர். வான், எரிபொருள், வாகனக் காப்புறுதி, பொறுப்புக் காப்புறுதி, கருவிகள், போன், பதிவுக் கட்டணம், கணக்காளர் எல்லாம் எனக்குக் கிழமைக்கு 900க்குக் கிட்ட வரும். அது மணிக்கு 36. இப்போதே 102 ஆகிவிட்டது. இன்னும் ஒரு சதம் இலாபம் வரவில்லை, திரும்பிப் போய்ச் சும்மா திருத்திக் கொடுக்கும் வேலைக்கும் ஒன்றும் ஒதுக்கவில்லை.

அந்தத் திரும்பிப் போகிற வேலைதான் என்னைத் தனியாகத் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் விழுத்தியது. பிக்கரிங்கில் ஒரு வீடு, ஊரவர். மற்றவர்களைவிட மிகவும் குறைத்துக் கேட்டு உயர்திறன் ஃபேர்னஸ் ஒன்று போட்டுக் கொடுத்தேன். அவசரத்தில், ஃபேர்னஸிலிருந்து தண்ணீர் வடியும் குழாயைச் சூடில்லாத கராஜ் வழியாகக் கொண்டுபோனேன். பிழை என்னுடையதுதான். ஜனவரியில் குழாய் உறைந்து, தண்ணீர் பின்னால் ஏறி, பாதுகாப்புக்கு இருக்கும் அழுத்த சுவிட்ச் வெட்டி ஃபேர்னஸ் நின்றுவிட்டது. இரவு ஒரு மணிக்கு அழைப்பு. வீட்டில் கைக்குழந்தை. போய் உருக்கிவிட்டு வந்தேன், மூன்றாம் நாள் மறுபடி நின்றது. கடைசியில் முழுக் குழாயையும் மாற்றி வீட்டுக்குள்ளால் எடுத்தேன். அந்த வேலையில் கையிலிருந்து காசு போனது. குறைந்த விலைக்கு எடுத்தபோது என் கை ஏன் அவசரப்பட்டது என்று பிறகு யோசித்தேன். அடுத்த வேலைக்கு ஓடினால்தான் அந்த மாத வாடகை கட்ட முடியும் என்ற நிலை. மலிவுக் கூலி முதலில் தின்பது வேலையின் நேர்த்தியைத்தான்.

அதனால் ரொறன்ரோ பக்கத்தில் ஒரு சிறு ஒப்பந்தக்காரர் 110க்கும் 150க்கும் இடையில் கேட்டால் அது அநியாயம் இல்லை. இரவு அழைப்புக்கு ஒன்றரை மடங்கு கேட்பதும் நியாயமே. அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. நல்ல ஃபேர்னஸைக் "கிறாக் விழுந்துவிட்டது" என்று சொல்லி மாற்ற வைப்பது, வீட்டுக்காரருக்கு விளங்காத வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவது, அந்தப் பொருளுக்காக வீட்டுப் பத்திரத்தின் மேல் உரிமைப் பதிவு போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது. இதனால்தான் 2018 மார்ச் 1 முதல் ஒன்ராறியோவில் கூப்பிடாமல் கதவைத் தட்டி ஃபேர்னஸ், ஏசி விற்க முடியாது. 2024 ஜூனில் அந்த உரிமைப் பதிவையும், வீட்டுப் பாவனைப் பொருட்களுக்குப் போட முடியாதபடி சட்டம் நிறுத்தியது. எங்கள் கிழடுகள் எத்தனை பேர் அதில் மாட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் தொழில் தொடங்கும்போது விலையை எழுத்தில் கொடுங்கள். ஒப்பந்தத்தில் மதிப்பீடு என்று ஒரு தொகை எழுதினால், இறுதி பில் அதிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது இங்கே சட்டம்.

இனிக் கல்கரி. மச்சான் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அல்பேர்ட்டாவில் எண்ணெய் வயல்கள் நல்ல சம்பளம் கொடுத்துத் தொழில் தெரிந்தவர்களை இழுக்கின்றன, அதனால் வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் கொம்பனிகளும் கூடக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளருக்கும் வரி வெறும் 5 சதவீதம்தான், மாகாண விற்பனை வரி இல்லை. ஆனால் காஸ் லைசென்ஸ் அங்கே வேறு முறை, ஏ வகுப்பு, பி வகுப்பு காஸ்ஃபிட்டர் என்று. போவதற்கு முன்பே உங்கள் ஜி2 எதற்குச் சமமாக எடுக்கப்படும் என்று எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 313ஏயை முடித்து ரெட் சீல் சான்றிதழ் எடுத்தால் குளிரூட்டல் பக்கத்தில் எந்த மாகாணத்துக்கும் அது செல்லும். என்னைக் கேட்டால் அதை முடித்துவிட்டுப் போவதுதான் நல்லது.

மற்ற இடங்களையும் கேட்டிருந்தீர்கள். ஒன்ராறியோவின் வடக்கில் தண்டர்பேயில் வீடு மலிவு, அதனால் கூலியும் மலிவாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வீடு தூரம், உதிரிப்பாகம் தெற்கிலிருந்து வர வேண்டும், ஓட்டும் நேரத்தையும் சேர்த்தே பில் போட வேண்டும். வான்கூவர் கரையில் குளிர் குறைவு. முன்பு அங்கே ஏசி இல்லாத வீடுகளே அதிகம். 2021 ஜூன் வெப்ப அலையில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 619 பேர் இறந்த பிறகு குளிரூட்டலை ஆடம்பரம் என்று யாரும் சொல்வதில்லை. கியூபெக்கில் கட்டுமான வேலைக்குக் கூட்டு ஒப்பந்தச் சம்பளம் சட்டப்படி கட்டாயம். ஆனால் பிரெஞ்சு இல்லாமல் வாடிக்கையாளரோடு கதைப்பது கஷ்டம்.

உங்கள் 29 டொலரைப் பற்றியும் ஒரு சொல். புதிய ஜி2வுக்கு அது படுமோசமில்லை, ஆனால் தங்கிவிட வேண்டிய இடமும் இல்லை. ஒன்ராறியோவில் குளிரூட்டல் தொழிலாளருக்கு லோக்கல் 787 என்ற தொழிற்சங்கம் இருக்கிறது, வணிகக் கட்டட வேலைகளில் அதன் ஒப்பந்தச் சம்பளம் வீட்டு வேலைச் சம்பளத்தைவிட நல்லாகவே இருக்கும். கேட்டுப் பாருங்கள். முக்கியமாக, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு ஓட்டும் நேரத்துக்குச் சம்பளம் தருகிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். நான் வேலை செய்த ஓரிடத்தில் 'ஒரு ஃபேர்னஸுக்கு இவ்வளவு' என்று தந்தார்கள், வானில் இருந்த மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு சதமும் இல்லை. கேட்கத் தெரியாமல் இரண்டு வருடம் போக்கினேன். கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு உங்களுக்கு வர வேண்டும், அதையும் பாருங்கள்.

சொந்தக்காரர் விசயம்தான் கஷ்டம், எனக்குத் தெரியும். நான் செய்வது இதுதான்: பில்லில் முழு விலையையும் எழுதுவேன், அதன் கீழ் கழிவைத் தனி வரியில் எழுதுவேன். 250 டொலர் வேலை, கழிவு 60. அப்போது அவர்களுக்கு உங்கள் வேலையின் பெறுமதியும் தெரியும், நீங்கள் விட்டுக் கொடுத்ததும் தெரியும். வாயால் நாற்பது என்று சொன்னால் உங்கள் விலையே நாற்பது என்று ஊர் முழுக்கப் பரவிவிடும், பிறகு அதை ஏற்றவே முடியாது. வேலையிழந்த ஒருவர், தனியே இருக்கும் ஒரு அம்மா என்றால் முழுவதையும் விடுங்கள், நானும் விடுகிறேன். அது வேறு.

மாமி வீட்டு ஃபேர்னஸ் அடிக்கடி நின்று நின்று வேலை செய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள், அதை அவரே செய்யலாம். கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்றும் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை நான் வருகிறேன். என் பதிவின் கீழ் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம், பில் என் பெயரில் போகட்டும், உங்கள் நேரத்துக்கான சம்பளத்தை என்னிடம் வாங்குங்கள். மனோமீற்றரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், காஸ் அழுத்தத்தை நீங்களே அளந்து எழுதலாம்.