செவ்வாய் வேண்டாம், புதனுக்கு மாற்றுங்கள்

வணக்கம். முழங்கால் வலியுள்ள அம்மா, ஒன்பது வயதுப் பையனோடு செவ்வாயன்று எழும்பூர் அருங்காட்சியகம், முட்டுக்காட்டில் பழைய தென்னிந்திய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ரா, மாமல்லபுரம் மூன்றும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். செவ்வாயன்று தட்சிணசித்ராவுக்கு விடுமுறை. பயணத்தைப் புதனுக்கு மாற்றுங்கள். எழும்பூரைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். அதற்கே அரை நாள் போதாது.

விடியற்காலையில் கிளம்பி முதலில் மாமல்லபுரம் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அம்மாவுக்குச் சிரமம். அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பத்தைச் சாலையோரம் நின்றே பார்க்கலாம். அதில் முன்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் காலடியில் இருக்கும் எலிகளையும் பையனே தேடிக் கண்டுபிடிக்கட்டும், சொல்லிவிடாதீர்கள். அப்புறம் ஐந்து ரதம். மலை மேல் ஏறும் இடங்களை இந்த முறை விட்டுவிடுங்கள்.

பத்தரை, பதினொரு மணிக்கு முட்டுக்காடு திரும்பினால் தட்சிணசித்ராவில் நிழலில் பகலைக் கழிக்கலாம். 1996-இல் திறந்த இடம். இடிக்கப்படவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, மரபுக் கைவினைஞர்களைக் கொண்டே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தேக்குத் தூணை அம்மா கட்டாயம் தொட்டுப் பார்க்க வேண்டும். என் அம்மா அக்ரகார வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தன் பாட்டி வீட்டுக் கதையை ஒரு மணி நேரம் சொன்னார். அதுவரை நான் கேட்டிராத கதை. அதனால் அங்கே அவசரப்படுத்தாதீர்கள். பையனைக் குயவர் சக்கரத்துக்கு அனுப்புங்கள், மாற்றுச் சட்டை ஒன்று எடுத்துப் போங்கள்.

உள்ளே மண்பாதையில் நடக்க வேண்டியிருக்கும், அம்மாவுக்குப் பிடிப்பான செருப்பு அவசியம்.