எந்தச் சபையிலிருந்து பேசுகிறார்?

வணக்கம் அண்ணா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். மெதடிஸ்த சபை. எங்கள் போதகர் பல தோட்டங்களைப் பார்ப்பதால் இங்கே மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். வாலிபர் கூட்டத்தை நான் நடத்துகிறேன். நல்ல போதனை வீடியோக்களைச் சேர்ந்து பார்க்கலாம் என்றேன். "வேற சபை ஆளுங்க சொல்றது நம்ம புள்ளைங்களுக்கு எதுக்கு? குழம்பிப் போயிருங்க" என்கிறார்கள் பெரியவர்கள். எதை வைத்துத் தெரிந்தெடுப்பது? பிள்ளைகளோ முடிவுகாலம் பற்றிய 3 மணி நேர வீடியோ ஒன்றைப் போடச் சொல்கிறார்கள். அதில் பேசுபவர் எந்தச் சபையும் இல்லையாம், வேதம் மட்டும்தானாம். (என் பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெரியவர்களிடம் நம் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியை நினைவுபடுத்துங்கள். 1738 மே 24 இரவு லண்டன் ஓல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு கூட்டத்துக்கு, மனமே இல்லாமல்தான், போனார். அவர் அங்கிலிக்கன் குருவானவர். அங்கே வாசிக்கப்பட்டது ரோமர் நிருபத்துக்கு ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர் எழுதிய முன்னுரை. அதைக் கேட்கும்போது தன் உள்ளம் அனல்கொண்டதாக வெஸ்லி எழுதிவைத்தார். மெதடிஸ்தர் வருடாவருடம் நினைவுகூரும் அந்த இரவே வேறு சபைக்காரரின் எழுத்தைக் கேட்டதால் வந்ததுதான். பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியை 1963இல் தொடங்கியதும் பல சபைகள் சேர்ந்து. உங்கள் போதகரும் அங்கே படித்தவராக இருந்தால், அங்கிலிக்கன், பாப்டிஸ்ட் ஆட்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்.

ஆனாலும் அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் குழம்பத்தான் செய்கிறார்கள். பேசுபவர் எங்கே நின்று பேசுகிறார் என்று தெரியாமல் கேட்கும்போதுதான் அதிகம் குழம்புகிறார்கள். ஆகவே நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இவர் எந்தச் சபை, எங்கே படித்தவர், யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்? இதையெல்லாம் மறைக்காதவரிடம், நம்மோடு ஒத்துப்போகாதவராக இருந்தாலும், தைரியமாகக் கற்கலாம்.

அமெரிக்க ஆயர் ரொபர்ட் பாரனை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கத்தோலிக்கர், அதை ஒளிப்பதில்லை. மரியாளைப் பற்றிப் பேசும்போது மெதடிஸ்தப் பிள்ளை எங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும் என்பது முன்னமே தெரியும். அகுஸ்தீன், அக்குவைனாஸ் போன்ற பழைய திருச்சபை அறிஞர்களைப் பற்றிப் பேசும்போது நம் பிரசங்கங்களில் அநேகமாகக் கிடைக்காத ஒன்று கிடைக்கும். ஆங்கிலம்தான், நீங்கள் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். கிறிஸ்தவ விசுவாசத்தை அறிமுகப்படுத்தும் ஆல்பா தொடர் லண்டனில் ஹோலி ட்ரினிட்டி பிராம்ப்டன் என்ற அங்கிலிக்கன் ஆலயத்தில் உருவானது. அந்த ஆலயம் பரிசுத்த ஆவியின் வரங்களுக்கு நிறைய இடம் கொடுப்பது. தொடரிலும் அந்தச் சாயல் ஏன் இருக்கிறது என்பது அப்போது புரிந்துவிடும், பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.

வாலிபர்களுக்கு ஆரம்பத்தில் பைபிள் ப்ராஜெக்ட் போதும், வேதப் புத்தகங்களைப் படம் வரைந்து விளக்கும் குட்டி வீடியோக்கள். டிம் மெக்கி, ஜோன் கொலின்ஸ் இருவரும் 2014இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் தொடங்கியது. தமிழிலும் வருகிறது, இலவசம். சபைப் பெயர் போடாவிட்டாலும் யார் செய்கிறார்கள், செலவு எங்கிருந்து வருகிறது என்பது வெளிப்படை. ஒரு புத்தகத்தின் முழு அமைப்பையும் சில நிமிடத்தில் காட்டிவிடுவார்கள். அதில்தான் ஆபத்தும். படம் அழகாக இருப்பதால் புத்தகத்தையே வாசித்துவிட்ட மாதிரி இருக்கும். ரூத், யோனா போல 4 அதிகாரப் புத்தகத்தை முதலில் சத்தமாக வாசித்து முடியுங்கள். வீடியோ பிறகு. வீடியோவில் சொன்ன எது நாம் வாசித்ததில் இல்லை என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதில் அவர்களுக்கு ஒரு குஷி.

ஞானஸ்நானம், அந்நிய பாஷை போன்ற விஷயங்களுக்கு மட்டும் வீடியோ வேண்டாம். அடுத்த லயத்திலேயே பெந்தெகொஸ்தே குடும்பங்கள் இருக்கும்போது அவர்கள் நம்புவதை அவர்கள் வாயால் கேட்பதுதான் மரியாதை. போதகர் வரும் ஞாயிறு குழந்தை ஞானஸ்நானத்தை அவர் விளக்கட்டும். பிறகு பிள்ளைகள் தங்கள் கூட்டாளிகளிடம் போய்க் கேட்கட்டும். மற்றச் சபைகளைக் கேலி செய்துதான் தன் சபையை உயர்த்த முடியும் என்கிற வீடியோ யாருடையதாக இருந்தாலும், நம் ஆளுடையதே என்றாலும், நான் போடமாட்டேன்.

இனி அந்த 3 மணி நேரம். "எந்தச் சபையும் இல்லை" என்பதுதான் எனக்கு இடிக்கிறது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் போர்டு இல்லாத பஸ்ஸில் ஏறுவோமா? கூட்டத்தில் அதைப் போட வேண்டாம். போனில் எப்படியும் பார்ப்பார்கள், அதனால் அவர் காட்டும் வசனங்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் அந்தந்த அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். அந்த நாளும் வேளையும் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்கிற மாற்கு 13:32ஐ அவர் என்ன செய்கிறார் என்று விசேஷமாகப் பார்க்கட்டும். கூடவே வில்லியம் மில்லரின் கதையையும் சொல்லுங்கள். வேதத்தையும் ஒத்துவாக்கியத்தையும் (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் புத்தகம்) வைத்துக்கொண்டு வருகையின் காலத்தைக் கணக்குப் போட்ட அமெரிக்க விவசாயி அவர். அவரைப் பின்பற்றியவர்கள் 1844 ஒக்டோபர் 22ஐக் குறித்துக் காத்திருந்தார்கள். சிலர் அந்த வருட விளைச்சலை அறுக்காமலே விட்டார்கள். அந்த நாளோ ஒன்றும் நடக்காமலே போனது.

அன்புடன்,
அண்ணன்