முறுக்குக் கடையின் அகப்பக்கம் தோட்டத்தில் ஏன் திறப்பதில்லை?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து எட்டு மாதமாகிறது. சித்தியின் பலகாரக் கடைக்கு ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் ஓர் அகப்பக்கம் செய்து கொடுத்தேன். வீட்டு வைஃபையில் சட்டென்று வருகிறது. செம்பனைத் தோட்டத்து வாடிக்கையாளர்கள் கைப்பேசியில் திறந்தால் வெள்ளையாகவே நிற்கிறதாம். தீபாவளி ஆர்டருக்கு முன் எப்படிச் சரிசெய்வது? அடுத்து எந்த ஃபிரேம்வொர்க் படித்தால் கோலாலம்பூர் போகாமலே வேலை கிடைக்கும்? 8 ஜிபி மடிக்கணினி போதுமா?

பதில்: புதிய ஃபிரேம்வொர்க் எதையும் இப்போது தொடாதீர்கள். சித்தியின் பக்கத்தைச் சரிசெய்யும் வேலையே உங்களுக்கு வேலை வாங்கித் தரக்கூடிய வேலை. அதை முழுதாக முடியுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள். குரோமில் மறைநிலைச் சன்னலைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். சாதாரணச் சன்னலில் அளந்தால் நீங்கள் போட்டு வைத்திருக்கும் நீட்டிப்புகள் கணக்கைக் கெடுத்துவிடும். நெட்வொர்க் பகுதியில் 'டிசேபிள் கேஷ்' என்பதைத் தேர்ந்து, வேகத்தை 'ஸ்லோ 4ஜி'க்கு மாற்றிப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். மொத்தம் எத்தனை எம்பி இறங்கியது என்பது அடிவரியில் தெரியும். அந்தத் திரையை உடனே படமெடுத்து வையுங்கள். திருத்திய பிறகு அந்தப் பழைய எண் திரும்பக் கிடைக்காது.

பட்டியலை அளவு வாரியாக அடுக்கினால், மேலே நிற்பவை பெரும்பாலும் கைப்பேசியில் எடுத்து அப்படியே ஏற்றிய படங்களாக இருக்கும். 4000 பிக்சல் அகலத்தில் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்பி. ஆறு பலகாரம் என்றால் சுமார் 20 எம்பி. நொடிக்கு 1.6 மெகாபிட் வேகத்தில் அது இறங்க 100 நொடி ஆகும். செம்பனைக்கு நடுவே ஒரு கோடு சிக்னலில் நிற்பவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். அடுத்த கடைக்கு அழைத்துவிடுவார்.

ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே ஓடும். அதில் படத்தை 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில், தரம் 75 வைத்துச் சேமியுங்கள். ஒரு படம் 100 கேபிக்குள் அடங்க வேண்டும். 60 கேபி வந்தால் நல்லது. ஆறும் சேர்ந்து 360 கேபி, அதே வேகத்தில் இரண்டு நொடிக்குள் வந்துவிடும். இமேஜ் டேகில் அகலம், உயரம் இரண்டையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் படம் வந்து சேரும்போது எழுத்தெல்லாம் கீழே குதிக்கும். அழுத்தப் போன பொத்தான் விரலுக்கு அடியிலிருந்து நழுவிவிடும். கீழே இருக்கும் படங்களுக்கு 'லேசி லோடிங்' கொடுங்கள். திரையில் முதலில் தெரியும் படத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள். பலர் எல்லாப் படத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள், அதனால் முக்கியமான படமே தாமதமாக வருகிறது.

படங்கள் தாமதத்துக்குத்தான் காரணம். வெள்ளைத் திரைக்குக் காரணம் வேறு. பக்கத்தில் கன்ட்ரோல் யூ அழுத்தி மூலத்தைப் பாருங்கள். உள்ளே வெறும் டிவ் (காலிப் பெட்டி) ஒன்றும் சில ஸ்கிரிப்ட் வரிகளும் மட்டும் இருந்தால், அந்த ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க இறங்கி ஓடி முடியும்வரை கைப்பேசியிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. மலிவான கைப்பேசியில் இறங்கிய பிறகும் அதை ஓட்ட நேரம் பிடிக்கும். பத்துப் பலகாரம் விற்கும் கடைக்கு ரியாக்ட் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பெயர், விலை, படம் எல்லாவற்றையும் நேராக எச்டிஎம்எல்லில் எழுதுங்கள். எண்ணிக்கையைக் கூட்ட, குறைக்க முப்பது நாற்பது வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். கூறு கூறாகப் பிரித்து எழுதிப் பழகிவிட்டது என்றால் ஆஸ்ட்ரோ என்ற கருவியைப் பயன்படுத்துங்கள்; அது பில்ட் செய்யும்போதே எச்டிஎம்எல்லை எழுதிவிடும்.

எழுத்துருவையும் பாருங்கள். தமிழ் எழுத்துருவை வெளியிலிருந்து இழுத்தால், அது வரும்வரை, சுமார் மூன்று நொடி வரைகூட, உலாவி எழுத்தை மறைத்து வைக்கும். சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட் டிஸ்பிளேயை 'ஸ்வாப்' ஆக்கினால் கைப்பேசியின் சொந்த எழுத்துரு உடனே வரும். இன்றைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. வெளி எழுத்துருவையே எடுத்துவிட்டாலும் கடைக்கு ஒரு குறையும் வராது. வரி உயரத்தை 1.6க்குக் குறையாமல் வையுங்கள். குறைந்தால் 'கி'யின் மேல்வளைவும் 'ரு'வின் வாலும் வெட்டுப்படக்கூடும்.

தமிழில் செய்பவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. 'முறுக்கு' என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: மு, று, க், கு. ஜாவாஸ்கிரிப்ட்டில் அதன் லெங்த் (நீளம்) 8. உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதே காரணம். பெயர் நீளமாகிவிட்டதென்று ஐந்தோடு வெட்டினால் 'முறுக' என்று நிற்கும். வெட்ட வேண்டியிருந்தால் சிஎஸ்எஸ்ஸின் 'எலிப்சிஸ்' (முடிவில் மூன்று புள்ளி) கொண்டு வெட்டுங்கள். எழுத்தை எண்ணவே வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட்டின் 'இன்ட்ல் செக்மென்டர்' சரியாக நான்கு என்று சொல்லும். இதை விளக்கத் தெரிந்த புதியவர் மிகக் குறைவு. நேர்முகத் தேர்வில் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆர்டர் புலனத்துக்குத்தான் (வாட்ஸ்அப்) போகும் என்று நினைக்கிறேன். புலன இணைப்பில் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுத வேண்டும்: 012 என்று தொடங்குவது 6012 ஆகும். கூட்டல் குறி, கோடு, இடைவெளி எதுவும் கூடாது. முன்கூட்டி நிரப்பும் செய்தியை 'என்கோட் யூஆர்ஐ காம்போனன்ட்' என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை வழியாக அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் 'முறுக்கு 2 & அதிரசம் 5' என்பதில் & குறியோடு செய்தி அறுந்துபோய், சித்திக்கு முறுக்கு மட்டும் வந்து சேரும். தீபாவளி நேரத்தில் அது ஒரு குடும்பத்தின் அதிரசம். பெயர், முகவரி கேட்கும் படிவம் வைப்பதானால், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வைக்க வேண்டும். ஆர்டருக்குப் புலனமே போதும் என்றால் படிவத்தை எடுத்துவிடுங்கள்.

திருத்தியதும் உண்மையான கைப்பேசியில் சோதியுங்கள். வீட்டில் இருப்பதிலேயே பழைய ஆண்ட்ராய்டை எடுத்து, அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் வசதி திறக்கும். யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி மடிக்கணினியில் செருகுங்கள். குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் கைப்பேசியின் திரையை அப்படியே ஆராயலாம். முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக்கூடாது. கூகள் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். பிறகு சித்தியின் வாடிக்கையாளர் ஒருவரைத் தோட்டத்திலிருந்தே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு திருத்தத்தையும் கிட்டில் (குறியீட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) தனித்தனி கமிட், அதாவது பதிவு ஆக்கி, செய்தியில் முன்பு எத்தனை கேபி, இப்போது எத்தனை என்று எழுதுங்கள். கடவுச்சொல், ஏபிஐ சாவி எதையும் உள்ளே விடாதீர்கள். தவறிப் போய்விட்டால் கோப்பை அழித்துப் பயனில்லை, பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும்; சாவியையே ரத்து செய்து புதிது வாங்குங்கள். இலவச ஹோஸ்டிங்கின் விதிகளையும் படியுங்கள். வெர்செலின் இலவசத் திட்டம் வணிகமல்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்; சித்தியின் கடை வணிகம். கிளவுட்ஃபிளேர் பேஜஸில் இது போன்ற பக்கம் நன்றாக ஓடும். டொமைனை (பக்கத்தின் இணைய முகவரிப் பெயர்) சித்தியின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதியுங்கள். செய்து கொடுத்தவர் பெயரில் பதிந்துவிட்டு, அவர் வெளியூர் போனதும் புதுப்பிக்க ஆளில்லாமல் பெயரையே இழக்கும் கடைகள் உண்டு.

இனி வேலை. ஒரு பக்க விண்ணப்பத்தின் மேலேயே சித்தியின் பக்கத்து முகவரியையும் இரண்டு எண்களையும் போடுங்கள்: முன்பு எத்தனை எம்பி, இப்போது எத்தனை கேபி. அடுத்து எதைப் படிப்பது என்பதை விளம்பரங்களே சொல்லட்டும். ஈப்போ, பினாங்கு, வீட்டிலிருந்து செய்யும் வேலை என்று இருபது விளம்பரங்களை எடுத்து, எந்தக் கருவி எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் பிஎச்பி, லாராவெல், வேர்ட்பிரஸ் கேட்பது சகஜம். அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். ரியாக்ட் மேலே வந்தால் டைப்ஸ்கிரிப்ட்டையும் சேர்த்துப் படியுங்கள்.

கோலாலம்பூர் போயே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனாலும் முதல் ஓராண்டாவது, உங்கள் குறியீட்டை வரி வரியாகப் பார்த்துத் திருத்தும் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும் இடமாகத் தேடுங்கள் என்பேன். ஈப்போவில் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். தனியாக வீட்டில் உட்கார்ந்து தொடங்குபவர், தான் செய்யும் பிழை பிழையென்றே தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டிவிடக்கூடும். முழுநேர வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். அதற்குக் கீழே 'அலவன்ஸ்' என்று பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இடையில் மற்ற கடைகளுக்கும் செய்து கொடுக்கலாம். எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவன ஆணையம்) சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60. பாதிப் பணம் முன்னதாக, மீதி பக்கம் வெளியாகும் நாளில். படம் யார் தருவது, எத்தனை முறை திருத்தம், அடுத்த ஆண்டு டொமைன் கட்டணம் யார் கட்டுவது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். சொந்தக்காரர் கடை என்றாலும் எழுதுங்கள். மனக்கசப்பு பெரும்பாலும் அங்கேதான் வரும்.

மடிக்கணினிக்கு 8 ஜிபி போதும். உள்ளே பழைய சுழல் வட்டு இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். வேறு எந்தச் செலவும் இவ்வளவு வித்தியாசம் காட்டாது. ஆண்ட்ராய்டு எமுலேட்டரை ஓட்டாதீர்கள், கையில்தான் பழைய கைப்பேசி இருக்கிறதே. மாலையில் இடி தொடங்குவதற்கு முன் குறியீட்டைக் கிட்டில் புஷ் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டு, மோடத்தின் வயரையும் மின்செருகியையும் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள்.