உப்புக் குகைக்கு மேல் நிலம் இறங்குகிறதா? ஆண்டுக்கு ஒரு லெவலிங் போதாது

கேள்வி: தண்ணீர் செலுத்தி உப்பைக் கரைத்தெடுக்கும் சுரங்கம் ஒன்றில் சர்வேயராக இருக்கிறேன். கிணறுகளைச் சுற்றி ஆண்டுக்கு ஒருமுறை லெவலிங் (நில உயரத்தை அளக்கும் சர்வே) எடுக்கிறோம். இறக்கம் சில மில்லிமீட்டர்தான். செயற்கைக்கோள் ரேடாரும் தேவையா?

பதில்: தேவை. ஆனால் ரேடாரை மட்டும் சேர்த்தாலும் போதாது.

உப்பு கரைந்த இடத்தில் உருவாகும் குகைக்கு மேல் இரண்டு விதமாக நிலம் அசையலாம். மேலிருக்கும் பாரத்தில் உப்பு மெல்ல நகர்ந்து குகையைச் சுருக்கும்; மேலே அகலமான ஆழமில்லாத பள்ளம் உருவாகும். லெவலிங் இதை நன்றாகக் காட்டிவிடும். மற்றது ஆபத்தானது: கூரையோ பக்கச் சுவரோ உடைந்து, மேலுள்ள மண் மொத்தமாக உள்ளே சரிவது. இதற்கான அறிகுறி செங்குத்து அளவில்தான் முதலில் தெரியும் என்று நம்பக் கூடாது.

அமெரிக்காவின் லூசியானாவில், பேயூ கார்ன் என்ற ஊருக்கு அருகே 2012 ஆகஸ்ட் 3 அன்று பெருங்குழி விழுந்தது. உப்புக் குவிமாடத்தின் (நிலத்தடியில் மேல்நோக்கி எழும்பிய பெரிய உப்புத் திரளின்) ஓரத்தை ஒட்டிப் போன குகையின் பக்கச் சுவர் உடைந்ததே காரணம். நாசாவின் விமான ரேடார் 2011 ஜூனிலும் 2012 ஜூலைத் தொடக்கத்திலும் அங்கே பதிவு செய்திருந்தது. பிற்பாடு இரண்டையும் ஒப்பிட்டபோது, குழி விழவிருந்த இடத்தை நோக்கி நிலம் 26 செ.மீ. வரை நகர்ந்திருந்தது தெரிந்தது. அந்த நகர்வு பெரும்பாலும் கிடைமட்டம். உயரத்தை மட்டும் அளக்கும் லெவலிங் இதில் பெரும்பகுதியைத் தவறவிட்டிருக்கும். குழி விழுவதற்குச் சில வாரங்கள் முன்பே நீரோடையில் வாயுக் குமிழிகள் வந்தன, சிறு அதிர்வுகளும் பதிவாயின.

அதனால் முதல் செலவு ஜிபிஎஸ்ஸுக்கு. ஐயத்துக்குரிய குகைகளைச் சுற்றி, தொடர்ந்து பதியும் சில நிலையங்களை நிறுத்துங்கள். மூன்று திசை நகர்வும் கிடைக்கும். அடுத்து ரேடார். ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 தரும் தரவு இலவசம், செலவெல்லாம் அதை அலசும் ஆளுக்குத்தான். வடக்கு–தெற்கு நகர்வு அதற்குச் சரியாகத் தெரியாது, ஜிபிஎஸ்ஸை விடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். புதரும் வயலுமான இடத்தில் சமிக்ஞை கலைந்துவிடும். உலோகப் பிரதிபலிப்பான்களை நட்டால் சரியாகும். கட்டடம் நிறைந்த ஊரில் ரேடார் அருமையாக வேலை செய்யும். பிரேசிலின் மசேயோ நகரில் 2004 முதலான பழைய பதிவுகளை அலசியபோது, உப்புக் கிணறுகளுக்கு மேல் நிலம் ஏறக்குறைய 2 மீட்டர் இறங்கியிருந்தது தெரிந்தது. அங்கே சுமார் 60,000 பேர் வீடுகளை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்த அலசல் முன்பே நடந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

உங்கள் லெவலிங்கிலும் ஒன்றைப் பாருங்கள்: ஆதாரப் புள்ளி (மற்ற உயரங்களை ஒப்பிட அசையாததாகக் கொள்ளும் புள்ளி) பள்ளத்தின் விளிம்புக்குள் இருந்தால் அதுவும் சேர்ந்து இறங்கும், அளவு பொய்யாகக் குறையும். அதை வெகுதூரம் தள்ளி வையுங்கள். மொத்த இறக்கத்தைவிட அதன் வேகம் மாறுவதுதான் முக்கியம். கிணற்று வாயில் அழுத்தம் காரணமில்லாமல் விழுந்தால், அடுத்த சர்வேவரை காத்திராமல் அன்றே மேலிடத்துக்குச் சொல்லுங்கள். எந்த அளவில் யார் ஆட்களை வெளியேற்றுவது என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

அப்புறம், மூடிய கிணறுகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். பேயூ கார்னில் அந்தக் கிணறு 2011-லேயே அடைக்கப்பட்டிருந்தது. ஒலியால் குகையின் வடிவத்தை அளந்த பழைய சோனார் வரைபடங்களை எடுத்து, உப்பின் விளிம்புக்கு மிக அருகே போன குகை எதுவென்று பாருங்கள். முதல் ஜிபிஎஸ் நிலையம் அதற்கு மேல்தான்.